சனிக்கிழமைச் சம்பளம், திங்கட்கிழமை வரவு: வலிகாமத்து வீடொன்றில் இரண்டு பதின்ம வயதுப் பிள்ளைகள்

இரண்டாம் தவணையில் சின்னவள் ஒன்பது நாள் பள்ளிக்கு வரவில்லை. அதில் ஏழு நாள் திங்கட்கிழமை. தரம் 8 வகுப்பாசிரியை இடாப்பில் இதைக் கண்டார். ஞாயிற்றுக்கிழமை கோயில், உறவுக்காரர் வீடு என்று அலைந்துவிட்டு அடுத்த நாள் படுத்திருக்கிறாள் என்று நினைத்து விட்டுவிட்டார். தரம் 11 இல் படித்த அண்ணனோ ஒரு நாளும் தவறவில்லை. வந்தான், கடைசி வாங்கில் இருந்தான், இரண்டாம் பாடத்திலேயே மேசையில் தலை சாய்த்தான். 'இரவிரவா ஃபோன் நோண்டுற பெடியன்' என்பது அவனுக்குக் கிடைத்த பெயர். இரண்டு பிள்ளைகளும் ஒரே வீட்டிலிருந்து வருகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டு இடாப்புகளையும் ஒன்றாக விரித்துப் பார்க்கத்தான் ஆள் இருக்கவில்லை.

இங்கே எழுதப்படுவது தனியொரு குடும்பத்தின் கதை அல்ல. யாழ்ப்பாணத்து வீடுகளில் திரும்பத் திரும்ப ஒரே ஒழுங்கில் நடப்பவற்றைச் சேர்த்துக் கட்டிய நிகழ்வு இது. ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய எதுவும் இதில் இல்லை. சட்டமும் நடைமுறையும் உள்ளபடியே சொல்லப்படுகின்றன. அண்ணனை மூத்தவன் என்றும் தங்கையைச் சின்னவள் என்றும் குறிப்பிடுகிறோம். மூத்தவனுக்கு 16 வயது, சின்னவளுக்கு 13.

வீடும் கிழமையும்

தகப்பன் மேசன். வேலை நாள் கூலிக்கு என்றாலும் காசு கைக்கு வருவது சனிக்கிழமை பின்னேரம். தாய் வீட்டில் தையல். இரண்டு இடத்தில் குழுக்கடன் எடுத்திருக்கிறார். ஒன்றுக்குச் செவ்வாய் தவணை, மற்றதுக்கு வியாழன். சனி இரவு தகப்பன் மிச்சக் காசோடு வருவார். தாய் செவ்வாய்த் தவணைக்குக் கேட்பார். சண்டை அங்கே தொடங்கும். ஞாயிறு காலை தகப்பன் படுத்திருப்பார், மத்தியானத்துக்குப் பிறகு இரண்டாம் சுற்று. திங்கள் விடியும்போது தாயின் முகம் வீங்கியிருக்கும். சமைக்கவும் கோழி பார்க்கவும் ஒரு ஆள் வேண்டும். பள்ளியில் வாய் தவறிச் சொல்லிவிடக் கூடாது என்ற பயமும் இருக்கும். சின்னவள் வீட்டில் நிற்பாள். திங்கட்கிழமை வராமைக்குக் காரணம் இவ்வளவுதான்.

முன்னால் படலை, பிறகு விறாந்தை, இரண்டு அறை, பின்னுக்குக் குசினி, அதற்கப்பால் கிணற்றடி. சுற்றிவரத் தகர வேலி. வெளியே போக வழி அந்தப் படலை ஒன்றுதான். இந்த அமைப்பு பின்னால் முக்கியமாகிறது.

பிள்ளைகளோடு கதைக்கும்போது 'அப்பா அடிப்பாரா?' என்று கேட்டால் வரும் பதில் அநேகமாக 'இல்லை' அல்லது 'எப்பவாவது' என்பதாகத்தான் இருக்கும். 'சனிக்கிழமை பின்னேரம் நீ என்னென்ன செய்வாய், வரிசையாச் சொல்லு' என்று கேட்டால் முழு வீடும் வெளியே வரும். சின்னவள் சொன்னது மோட்டார் சைக்கிள் ஸ்ராண்டைப் பற்றி. அப்பா வந்து நிற்பாட்டும்போது ஸ்ராண்ட் முதல் தரத்திலேயே இறங்கினால் அன்றைக்குப் பரவாயில்லை. கால் இரண்டு மூன்று தரம் தவறித் தட்டினால் அவள் கொப்பியை மூடிவிட்டு, விறாந்தை லைற்றை அணைத்து, பின் அறையில் நித்திரை போல் கிடப்பாள். விறாந்தையில் வெளிச்சம் இருந்தால் யாரோ முழிச்சிருக்கினம் என்று தெரியும், முழிச்சிருக்கிற ஆளைத்தான் முதலில் கூப்பிடுவார் என்று விளக்கினாள். பதின்மூன்று வயதில் அவள் கற்றுத் தேர்ந்த பாடம் இது.

மூத்தவன் சனி பின்னேரம் ஐந்து மணிக்குக் குசினிக்குள் போவான். கத்தி, துருவலை, விறகு கொத்தும் கோடரி மூன்றையும் ஒரு உரப்பையில் போட்டுக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் வைப்பான். ஞாயிறு காலை தாய் அடுப்பு மூட்ட முன்னர் திரும்பக் கொண்டுவந்து வைப்பான். தாய்க்கு இது தெரியும். இரண்டு வருடமாக இருவரும் இதைப் பற்றி ஒரு சொல் கதைத்ததில்லை. அவனுடைய பாடப் புத்தகங்கள் சினேகிதன் வீட்டில் கிடந்தன. முந்தைய வருடம் ஒரு தரம் கிணற்றுக்குள் போனதால். இரவில் தாயின் அறை வாசலில் பாய் போட்டுப் படுப்பான். வகுப்பில் தூங்கியதன் காரணம் அந்தப் பாய்.

வன்முறை என்றதும் நம் மனத்தில் பெல்ற் அடிதான் வருகிறது. இந்தப் பிள்ளைகளுக்கு அடி அதில் ஒரு பகுதி மட்டுமே. ரியூசன் காசை மறித்து வைப்பது, இரவு பத்து மணிக்குப் படலைக்கு வெளியே நிற்பாட்டிப் பூட்டுவது, 'கொம்மா இண்டைக்கு ஆரோட கதைச்சவ?' என்று பிள்ளையை உளவு பார்க்க வைப்பது, தாயை ஏசும்போது பிள்ளையைப் பக்கத்தில் நிற்கச் சொல்லிக் கேட்க வைப்பது எல்லாம் இதில் சேரும். பதின்ம வயதினர் இவற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் என்று எண்ணுவது பெரிய பிழை. அவர்கள் அந்த வீட்டின் காவல்காரர்களாக வேலை செய்கிறார்கள்.

சொல்லக் கசப்பான ஒன்றும் இதில் இருக்கிறது. கடைசி ஆறு மாதமாக மூத்தவன் சின்னவளுக்கு அடிக்கத் தொடங்கியிருந்தான். சினேகிதியோடு ஃபோனில் கதைத்ததற்கு ஒரு தரம், சைக்கிளில் சுற்றி வந்ததற்கு ஒரு தரம். 'அப்பா கண்டா கொல்லுவார், அதுக்கு முன்னம் நான் அடிச்சுத் திருத்துறன்' என்பது அவன் விளக்கம். அவன் பொய் சொல்லவில்லை; அப்படித்தான் நம்பினான். ஆனால் சின்னவளுக்கு அந்த வீட்டில் அடிக்கிற ஆட்கள் இரண்டு பேராகிவிட்டார்கள். மூத்தவனைப் பாதிக்கப்பட்டவனாக மட்டும் எழுதி, இந்தப் பகுதியை அனுதாபத்தில் விட்டுவிடும் அறிக்கைகள் தங்கையைக் கைவிடுகின்றன. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுத வேண்டும்.

குடியும் போரும்

தகப்பன் குடித்தால்தான் அடிக்கிறார், ஆகவே குடியை நிற்பாட்டினால் சரி என்று உறவினர் சொன்னார்கள். குடி நேரத்தைத் தீர்மானிக்கிறது, ஆளைத் தீர்மானிக்கவில்லை. அதே சனிக்கிழமை, அதே வெறியில், கூலி குறைத்துக் கொடுத்த கொன்ராக்டருக்கு அவர் கை ஓங்கியதில்லை. வீட்டுக்கு வந்துதான் ஓங்கினார். இன்னொன்று: நாள்தோறும் நிறையக் குடிப்பவர் திடீரென ஒரே நாளில் நிற்பாட்டினால் இரண்டு மூன்று நாளுக்குள் கை நடுக்கம், வலிப்பு, புத்தி தடுமாற்றம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். 'சாமிக்குச் சத்தியம் பண்ணி விட்டிட்டார்' என்று வீட்டில் கிடத்தி வைப்பது சரியான வழி அல்ல. வைத்தியர் கண்காணிப்பில், உளநலப் பிரிவு உள்ள வைத்தியசாலையில் நடக்க வேண்டிய காரியம் அது. வலிகாமத்தில் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் அப்படி ஒரு பிரிவு உண்டு.

1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்து மக்கள் போரால் இடம்பெயர்ந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது இந்தத் தகப்பன் பன்னிரண்டு வயதுப் பையன். அது அவருடைய வாழ்க்கையில் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2008 இல் வெளியான ஆய்வு ஒன்றில் வடகிழக்கில் 296 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளிடம் கேட்டபோது, 82.4 வீதமானோர் போர் அனுபவம் ஒன்றையாவது சொன்னார்கள்; 95.6 வீதமானோர் வீட்டு வன்முறையின் ஏதோ ஒரு வடிவத்தைச் சொன்னார்கள். இரண்டாவது எண்ணிக்கை பெரிது என்பதை நின்று பார்க்க வேண்டும். போரைப் பற்றிக் கதைக்க நமக்குச் சொற்கள் நிறைய இருக்கின்றன. வீட்டைப் பற்றி 'குடும்பம் எண்டா அப்பிடி இப்பிடித்தான்' என்பதோடு கதை முடிகிறது. போர் ஒரு காரணம். அதைச் சொல்லிச் சின்னவளைச் சனிக்கிழமை இரவுக்குத் திருப்பி அனுப்ப முடியாது.

முதற் பிழை: வீட்டுக்குப் போன தொலைபேசி அழைப்பு

மூன்றாம் தவணைத் தொடக்கத்தில் சின்னவளின் முன்கையில் இரண்டு சமாந்தரக் கோடுகளைச் சுகாதாரப் பாட ஆசிரியை கண்டார். பெல்ற், வயர் போன்றவற்றால் அடித்தால் நடுவில் வெளிறியும் இரு பக்கமும் சிவந்தும் இப்படித் தடம் விழும். விழுந்து எழும்பியதால் வராது. ஆசிரியை தனியே கூப்பிட்டுக் கேட்டார். 'ஆருக்கும் சொல்ல மாட்டன், சொல்லு பிள்ளை' என்றார். பிள்ளை சொன்னாள். ஆசிரியை ஆலோசனை ஆசிரியருக்குச் சொன்னார், அவர் அதிபருக்குச் சொன்னார், அதிபர் தகப்பனுக்கு அழைப்பு எடுத்தார்.

தகப்பன் அடுத்த நாள் வெள்ளைச் சேட் போட்டு, நீறு பூசி வந்தார். பணிவாகக் கதைத்தார். 'பிள்ளை படிக்கிறாளில்லை சேர், ஒரு கோவத்தில' என்றார். இனிமேல் இல்லை என்று வாக்குக் கொடுத்தார். அதிபருக்கு அவர் மீது மதிப்பே வந்தது. அன்று இரவு சின்னவளின் பள்ளிப்பை அடுப்புக்குள் போனது. அதன் பிறகு அவள் எந்த ஆசிரியரிடமும் நான்கு மாதம் வாய் திறக்கவில்லை.

அந்தப் பள்ளியில் கெட்ட மனிதர் யாரும் இல்லை. எல்லோரும் நல்லது செய்ய நினைத்தார்கள். பிள்ளையின் பாதுகாப்பை ஒழுங்கு செய்யாமல், பிள்ளை சொன்னதை அடிப்பவரின் காதில் போட்டார்கள். நாம் காணும் பிழைகளில் அதிகம் நடப்பதும் அதிகம் காயப்படுத்துவதும் இதுதான். வீட்டில் ஆபத்துக் கூடும் நேரம், விஷயம் வெளியே போய்விட்டது என்று அடிப்பவர் அறியும் நேரம்.

ஆசிரியை செய்திருக்கக்கூடியது அதிகமில்லை. இரகசியம் காப்பேன் என்று வாக்குக் கொடுக்காமல், 'உன்னைப் பாதுகாக்க வேண்டிய ஆக்களுக்கு மட்டும் சொல்லுவன், ஆருக்குச் சொல்லுறன் எண்டு உனக்கு முதல்லயே சொல்லுவன்' என்று சொல்வது. 'என்ன நடந்தது?' என்று திறந்த கேள்வி கேட்பது. 'அப்பா பெல்ற்றால அடிச்சவரோ?' என்று பதிலை வாயில் ஊட்டாமல் இருப்பது. பிள்ளையின் சொற்களை அப்படியே, வழக்குத் தமிழிலேயே, திகதி, நேரம், காயத்தின் இடத்தோடு எழுதிக் கையெழுத்து வைப்பது. அதோடு ஒரு கேள்வி கட்டாயம்: 'இண்டைக்கு இரவு வீட்டுக்குப் போகப் பயமா இருக்கோ?' பதில் ஆம் என்றால் அன்றைக்கே, பள்ளி விட முன்னர், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழைக்க வேண்டும். கட்டணம் இல்லை, தமிழிலும் கதைக்கலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தரும் இருப்பார்கள். யாழ் மாவட்டத்தின் 15 பிரதேச செயலகப் பிரிவுகளில் தங்கள் பிரிவுக்கு உரியவர் யார், அவருடைய கைபேசி எண் என்ன என்பது பள்ளி அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். தேடும் நேரம் அது இல்லை.

பிள்ளையை ஐந்து பேர் ஐந்து தரம் கேட்பதும் தவிர்க்க வேண்டியது. சின்னவள் சுகாதார ஆசிரியைக்குச் சொன்னதும் அதிபருக்குச் சொன்னதும் நாள் விஷயத்தில் வேறுபட்டன. 'பிள்ளை மாத்தி மாத்திச் சொல்லுது' என்ற குறிப்பு அப்படித்தான் பிறந்தது.

இரண்டாம் பிழை: முதல் எழுதப்பட்ட வரி

மார்கழியில் ஒரு சனி இரவு தகப்பன் தாயைக் குசினிச் சுவரோடு சேர்த்துக் கழுத்தைப் பிடித்தார். மூத்தவன் விறகுக்கட்டையால் தகப்பனின் கையில் இரண்டு தரம் அடித்தான். பிடி விட்டது. தகப்பன் படியில் விழுந்தார். மூன்றாவது அடி அவர் விழுந்த பிறகு முதுகில் விழுந்தது. இதை மூத்தவனே பிறகு சொன்னான், யாரும் கேட்காமல்.

மணிக்கட்டு எலும்பு வெடித்ததால் தகப்பன் வைத்தியசாலைக்குப் போனார். அடிபட்டு வருபவர் என்றால் வைத்தியசாலைப் பொலிஸ் பதிவு செய்யும். ஆகவே இந்த வீட்டைப் பற்றி அரச பதிவேட்டில் விழுந்த முதல் வரி: 'மகன் தாக்கியதில் தந்தை காயம்.' தாய் எங்கும் போகவில்லை. கழுத்தில் பெரிதாக அடையாளம் தெரியவில்லை. குரல் மட்டும் கம்மியிருந்தது. 'சளி' என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பதின்ம வயதுப் பையன்கள் விஷயத்தில் இது அடிக்கடி நடக்கிறது. வருடக் கணக்காக வாங்கிய அடிக்குப் பதிவு இல்லை, ஒரு நாள் கொடுத்த அடிக்குப் பதிவு உண்டு. மூத்தவன் அழைத்துச் செல்லப்பட்டு அந்த இரவு பொலிஸ் நிலைய வாங்கில் இருந்தான். தாய்மாமன் விடிய வந்தார். வயதில் மூத்த பொலிஸ்காரர் ஒருவர் நல்ல மனத்தோடு சமாதானம் செய்து வைத்தார். 'அடியாத மாடு படியாது எண்டு சொல்லுவினம், நீ தேப்பனுக்கே அடிக்கிறியோ' என்று மாமன் ஏசினார். மூத்தவன் தகப்பனின் காலில் விழுந்தான். இனிப் பிரச்சினை இல்லை என்று இரு தரப்பும் ஒரு தாளில் கையெழுத்து வைத்தன. தாள் சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தது. அதில் என்ன இருந்தது என்று தாய்க்கு இன்றுவரை தெரியாது.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பிள்ளையோடு வருபவர் தெரிந்திருக்க வேண்டும். தண்டனைச் சட்டக்கோவையின் 89, 90 ஆம் பிரிவுகள் தன் உடலையும் பிறர் உடலையும் காக்கும் உரிமையைத் தருகின்றன; தேவைக்கு மேற்பட்ட பலத்துக்கு அந்த உரிமை இடம் தராது. ஆகவே வாக்குமூலத்தில் நடந்த ஒழுங்கு முக்கியம்: முதலில் கழுத்துப் பிடி, பிறகு அடி, பிறகு பிடி விட்டது. மூன்றாவது அடியை மறைக்கச் சொல்லிக் கொடுக்கக் கூடாது. அது பின்னால் வெளிவரும்போது முதல் இரண்டையும் சேர்த்துப் பொய்யாக்கிவிடும். அதே சட்டக்கோவையில் 1995 ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட 308அ பிரிவு, 18 வயதுக்குக் குறைந்தவரைப் பராமரிப்பில் வைத்திருப்பவர் வேண்டுமென்றே தாக்குவதையும் கொடுமைப்படுத்துவதையும் குற்றமாக்குகிறது. தண்டனை இரண்டு வருடத்திலிருந்து பத்து வருடம் வரை சிறை. மீசை முளைத்துவிட்டது, தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டான் என்பதெல்லாம் சட்டத்துக்குக் கணக்கில்லை. 16 வயது மூத்தவனும் அந்தப் பிரிவுக்குள் வரும் பிள்ளைதான்.

பொலிஸில் பிள்ளையின் வாக்குமூலத்தைச் சிறுவர் பெண்கள் பிரிவில், நம்பிக்கையான பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க எடுக்கும்படி கேட்க வேண்டும். வடக்கில் தமிழ் நிர்வாக மொழி. வாக்குமூலத்தைத் தமிழில் எழுதக் கேட்பது சலுகை கேட்பதாகாது. வாசித்துக் காட்டாத தாளில் கையெழுத்து வைக்கக் கூடாது. முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் வாங்கிக் கொப்பியில் எழுதாமல் அந்த இடத்தை விட்டு வரக் கூடாது. தாயின் முறைப்பாடும் அதே நாளில் தனியாகப் பதியப்பட வேண்டும். அன்றைக்குப் பதியாவிட்டால் இரண்டு கிழமை கழித்துப் பதியும்போது 'மகனைக் காப்பாற்றச் சொல்லுற கதை' ஆகிவிடுகிறது.

கழுத்துப் பிடி

மூன்றாம் நாள் தாய்க்கு விழுங்க நோகத் தொடங்கியது. வெளிநோயாளர் பிரிவுக்குப் போனார். அங்கிருந்த வைத்தியர் தாயோடு வந்த மாமியாரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத் தனியே கேட்டார். முழு நிகழ்வும் திரும்பியது அந்த அறையில்தான்.

கழுத்தை நெரித்தல் மற்ற அடிகளைப் போன்றது இல்லை. வெளியே அடையாளமே இல்லாமல் உள்ளே வீக்கம் இருக்கலாம். குரல் கம்முதல், விழுங்க நோதல், கண் வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள், அந்த நேரம் நினைவு தவறியது, தன்னை அறியாமல் சிறுநீர் போனது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மூச்சுச் சிரமம் பல மணித்தியாலம் கழித்தும் வரலாம். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் இலவசம். ஒரு தரம் கழுத்தைப் பிடித்த துணைவர் பின்னால் கொலை செய்யும் ஆபத்து பல மடங்கு கூடுகிறது என்பது ஆய்வுகளில் தெரியவந்த விடயம். பிள்ளைகளிடம் கேட்கும்போதும் 'கழுத்தில ஆராவது கை வைச்சவையோ?' என்பதைத் தனிக் கேள்வியாகக் கேட்க வேண்டும். அது இரத்தம் வராத அடி. அடி என்று அவர்கள் எண்ணுவதில்லை, அதனால் சொல்வதுமில்லை.

வைத்தியர் தாயை வைத்தியசாலையின் நட்பு நிலையத்துக்கு அனுப்பினார். பெண்களுக்கு எதிரான வன்முறையால் பாதிக்கப்பட்டு வருபவர்களுக்காகச் சுகாதார அமைச்சு வைத்தியசாலைகளில் நடத்தும் பிரிவு அது. அங்கிருந்து சட்ட வைத்திய அதிகாரியிடம் பரிசோதனை. இதற்கான படிவத்தைப் பொலிஸ் கொடுக்கும். பிள்ளைகள் இருவரும் பரிசோதிக்கப்பட்டார்கள். மூத்தவனின் முன்கையில், சின்னி விரல் பக்கமாக, பழைய தழும்புகள் இருந்தன. முகத்துக்கு வரும் அடியைக் கை தூக்கித் தடுக்கும்போது அடி விழும் இடம் அது. தாக்கியவன் என்று பதியப்பட்ட பையனின் உடலில், தடுத்துக்கொண்டவனின் காயங்கள். கண்டலின் நிறத்தை வைத்து நாள் சொல்ல முடியும் என்று சிலர் நம்புகிறார்கள், முடியாது. மஞ்சள் நிறம் தெரிந்தால் குறைந்தது 18 மணித்தியாலம் ஆகியிருக்கும் என்பது வரைதான் சொல்லலாம். அதனால் காயத்தை முதல் நாளே வைத்தியர் பார்ப்பதும், நாணயம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுப்பதும் பயன்படும். அந்தப் படங்கள் வீட்டில் எல்லோரும் எடுக்கும் ஃபோனில் இருக்கக் கூடாது.

பாதுகாப்புக் கட்டளை

2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் தாய் நீதவான் நீதிமன்றத்தில் மனுச் செய்தார். வலிகாமத்தின் பெரும்பகுதிக்கு அது மல்லாகம். பாதிக்கப்பட்டவரே மனுச் செய்யலாம். அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் செய்யலாம். பிள்ளைக்காகப் பெற்றோர், பாதுகாவலர், பிள்ளை வசிக்கும் வீட்டார், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை அதிகாரமளித்தவர் ஆகியோரும் செய்யலாம். சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையம் இருக்கிறது. இடைக்காலக் கட்டளை 14 நாள் வரை, விசாரணைக்குப் பிறகான கட்டளை 12 மாதம் வரை. மீறினால் ஒரு வருடம் வரை சிறை அல்லது 10,000 ரூபா வரை தண்டம், அல்லது இரண்டும்.

முதல் மனுவில் பிள்ளைகளின் பெயர் இல்லை. தாயை அணுகக் கூடாது என்று மட்டும் கட்டளை வந்தது. தகப்பன் இரண்டு ஒழுங்கை தள்ளித் தன் தாய் வீட்டில் தங்கினார். கட்டளையை ஒரு எழுத்தும் மீறவில்லை. மூத்தவனை ரியூசன் வாசலில் மறித்தார். 'கொம்மாவிட்டச் சொல்லு, வழக்கை வாங்காட்டி உன்ர கேஸை நான் கிளப்புவன்.' பையன் மூன்று கிழமை அந்தச் செய்தியை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தான். மனு திருத்தப்பட்டுப் பிள்ளைகள் இருவரும் சேர்க்கப்பட்டார்கள். வீடு, பள்ளி, ரியூசன், அம்மம்மா வீடு எல்லாம் இடம் இடமாக எழுதப்பட்டன. வேறு ஆள் மூலமும் தொலைபேசி மூலமும் தொடர்புகொள்ளக் கூடாது என்றும் எழுதப்பட்டது. அவசரப் பண உதவியும் கேட்கப்பட்டது. குழுக்கடன் தவணை நிற்காதவரை தாய் மனம் மாறி வழக்கைத் திரும்ப வாங்கும் நாள் தூரமில்லை. கட்டளையின் பிரதி ஒன்று அதிபருக்கும் போனது. என்ன எழுதியிருக்கிறது என்று பிள்ளைகளுக்கு வரி வரியாக வாசித்துக் காட்டப்பட்டது. இதைச் செய்வோர் குறைவு. கட்டளை யாருக்காகவோ அவருக்கே அதன் உள்ளடக்கம் தெரியாமல் இருக்கிறது.

மூத்தவனின் வேலை

தகப்பன் திரும்ப அடிக்க வந்தால் யார் என்ன செய்வது என்று பாதுகாப்புத் திட்டம் போடும்போது மூத்தவன் மறுத்தான். குறுக்கே போகாதே, தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வெளியே போ என்றதும் எழும்பி நின்றான். 'அம்மாவை விட்டிட்டு ஓடச் சொல்லுறியளோ?'

இந்த வயதுப் பையனிடம் ஒன்றும் செய்யாதே என்று சொன்னால் திட்டம் அங்கேயே செத்துவிடும். ஏற்கெனவே ஒரு வேலை பார்த்துவந்தவனுக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும். அவனுக்குக் கொடுக்கப்பட்ட ஒழுங்கு இது: ஸ்ராண்ட் தட்டும் சத்தம் கேட்டதும் சின்னவளோடு கிணற்றடிக்குப் போவது. குசினிக்குள் போகாமல் இருப்பது, ஏனென்றால் அங்கே கத்தியும் நெருப்பும் இருக்கின்றன, கதவு ஒன்றுதான். கிணற்றடி வேலியில் ஒரு தகரத்தின் ஆணியை முதலே கழற்றி வைப்பது. பக்கத்து வீட்டு அன்ரிக்கு இது தெரியும். அவர் வளவுக்குள் போனதும் பொலிஸின் 119 க்கு அழைத்து, கிராம உத்தியோகத்தர் பிரிவு, ஒழுங்கை, கிட்டிய கோயில் என்று மூன்று வரியில் இடம் சொல்வது. அந்த மூன்று வரியையும் தாளில் எழுதி மனப்பாடமாகும் வரை சொல்லிப் பார்த்தான். தாய்க்கும் ஒரு சொல் குறிக்கப்பட்டது. அன்ரியிடம் 'கறிவேப்பிலை இருக்கோ?' என்று சத்தமாகக் கேட்டால் பிள்ளைகள் உள்ளே வரக் கூடாது, அன்ரி பொலிஸைக் கூப்பிட வேண்டும்.

பிறப்புச் சான்றிதழ், 15 வயது நிறைந்ததும் எடுத்த அடையாள அட்டை, தாயின் வங்கிப் புத்தகம், முறைப்பாட்டு இலக்கம் எழுதிய கொப்பி, இரண்டு சோடி உடுப்பு எல்லாம் அம்மம்மா வீட்டில் ஒரு பையில். சாதாரண தரப் பரீட்சை அனுமதி அட்டை வந்ததும் அதுவும் அங்கே. அடையாள அட்டையைத் தகப்பன் ஒளித்துவைத்துப் பரீட்சை மண்டப வாசலில் பிள்ளை தவித்து நிற்பது இல்லாத கதையல்ல.

பிள்ளைகளைச் சிறுவர் இல்லத்தில் விடலாம் என்று ஒரு கட்டத்தில் யோசனை வந்தது. நன்னடத்தை உத்தியோகத்தர் அம்மம்மா வீட்டைப் போய்ப் பார்த்து, பள்ளிக்கு நேரடி பஸ் உண்டா, அங்கே குடிக்கும் ஆண்கள் யார், சின்னவள் எங்கே படுப்பாள் என்று கேட்டு, மூன்று மாதம் அங்கே இருக்கலாம் என்று அறிக்கை கொடுத்தார். இல்லம் கடைசி வழியாக இருக்க வேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை. அடித்தவர் வீட்டில் இருக்க, அடிபட்ட பிள்ளை வீட்டை விட்டுப் போவதைப் பிள்ளைகள் தண்டனையாகவே எடுக்கிறார்கள்.

அண்ணன் தங்கை விஷயத்துக்குத் தனியாக நேரம் ஒதுக்கப்பட்டது. இருவரையும் ஒன்றாக வைத்துச் சமாதானம் பேசவில்லை. சின்னவளிடம் தனியே கேட்டபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று: 'அண்ணா என்ர ஃபோனைப் பாக்கக் கூடாது.' மூத்தவனுக்கு அது அடி வாங்கியதை விட நொந்தது. இரண்டு கிழமைக்குப் பிறகு ஒத்துக்கொண்டான். அதன் பிறகும் ஒரு தரம் கை ஓங்கினான், அடிக்கவில்லை. அதுவும் குறிப்பில் இருக்கிறது.

தகப்பன் நீதிமன்றம் சொன்ன ஆலோசனை அமர்வுகளில் முதல் இரண்டுக்கு வந்தார், மூன்றாவதுக்கு வரவில்லை. மூத்தவன் மீதான முறைப்பாடு இன்னும் முடியவில்லை. சின்னவளின் இடாப்பில் இந்தத் தவணை திங்கட்கிழமைகள் நிரம்பியிருக்கின்றன. வியாழன் இரண்டு விடுபட்டிருக்கின்றன, ஏன் என்று வகுப்பாசிரியை கேட்டு வைத்திருக்கிறார். கட்டளையின் 12 மாதம் முடியும் திகதி பிரதேச செயலகக் கோவையின் மேல் மட்டையில் சிவப்பில் எழுதப்பட்டிருக்கிறது. நீட்டிக்கக் கேட்கும் மனுவுக்கு ஆறு கிழமை முன்னரே தாயைக் கூப்பிட வேண்டும் என்று அதற்குக் கீழே.